ஏரிக்கு நேராக எழுதிய சொல்

நீர்வள அலுவலகத்தில் அவளை எல்லோரும் அட்டவணை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அணைத் தண்ணீரை நூறு பங்காக்கி வயலுக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவு, நாரைகள் கூடு கட்டும் ஏரிக்கு எவ்வளவு என்று ஒதுக்கும் அட்டவணையைப் பத்தொன்பது வருடமாக அவள்தான் தயாரிக்கிறாள். வேலை என்னவோ மூன்றே வரி. அந்த மூன்று வரிக்குள் அவள் தலை பாதி நரைத்துவிட்டது.

நரைக்காமல் என்ன செய்யும்? எப்படியும் குறைப்பார்கள் என்று விவசாயிகள் கூட்டிக் கேட்பார்கள். நகராட்சிக்காரர்களும் அப்படியே. எப்படியும் கூட்டித்தான் கேட்டிருப்பார்கள் என்று இவள் குறைப்பாள். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றும் தெரியாத முகத்தோடு நாள் முழுக்க வாதாடுவார்கள். இதில் விவசாயிகள் சங்கத் தலைவர் அவளுடைய சொந்த அண்ணன். கூட்டத்துக்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, எல்லோரையும் நலம் விசாரித்து, செருப்பை மாட்டும்போதுதான் தண்ணீர்ப் பேச்சை எடுப்பார். கணவரோ, குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது, நீ ஆபீஸில் என்னதான் கிழிக்கிறாய் என்று குளியலறையிலிருந்தே கேட்பார்.

ஏரிக்காக மட்டும் யாரும் வந்ததில்லை. முதல் வரி வயல், இரண்டாவது நகரம், கடைசி வரி ஏரி. அதற்கு நேராக எண் கிடையாது. ‘மீதி’ என்று ஒரே சொல். மழை கொட்டிய காலத்து வழக்கம் அது. அப்போது மீதி இருந்தது. இந்த மூன்று வருடமாக வயலுக்கு எழுபது, நகரத்துக்கு முப்பது, ஏரிக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை.

போன வாரம் ஏரிக் காவலர் வந்தார். தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை, இந்த வருடமும் விடாவிட்டால் நாரைகள் குஞ்சுகளை விட்டுவிட்டுப் போய்விடும் என்றார். மனுவாக எழுதிக் கொடுங்கள் என்று வழக்கம்போலச் சொன்னாள். அதில் யார் கையெழுத்துப் போடுவது என்று அவர் கேட்டார். அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல.

கூட்டத்தன்று அவள் வரிகளை இடம் மாற்றி எடுத்துப் போனாள். முதலில் ஏரி, எட்டுப் பங்கு. அடுத்து நகரம், இருபத்தாறு. கடைசியில் வயல், அதற்கு நேராக ‘மீதி’.

கூட்ட அறை ரெண்டுபட்டது. கழித்துப் பார்த்தால் வயலுக்குப் போன வருடத்தைவிட நான்கு பங்குதான் குறைவு. அதைக் கணக்குப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

“மீதியா? எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் வந்து உக்கார்றவங்களா நாங்க?” என்றார் அண்ணன்.

“மூணு வருஷமா அந்த வார்த்தை ஏரிக்கு நேரா இருந்துச்சுண்ணா. ஒரு சொட்டு போகல. அப்ப நீங்க யாரும் எழுந்து நிக்கலையே.”

அண்ணன் முரடர்தான், ஆனால் நியாயம் தெரியாதவர் அல்ல. பழைய அட்டவணைகளை வாங்கிப் புரட்டினார். அதன்பின் அவர் குரல் இறங்கிவிட்டது. மாலைக்குள் மூன்று வரிக்கும் எண் எழுதுவது, பற்றாக்குறை வந்தால் மூவருமே அவரவர் அளவுக்கு விட்டுக்கொடுப்பது என்று முடிவானது. பேரம் பேசி ஏரியின் எட்டை ஆறாக்கினார்கள், அதையாவது விட்டார்களே. மறுநாள் காலை மதகைத் திறக்க உத்தரவும் ஆனது.

படியிறங்கும்போது அண்ணன் கேட்டார். “இத்தனை வருஷமா அந்த மீதியை யாரும்மா எழுதிட்டு வந்தது?”

எனக்கு முன்னால் இருந்தவர் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் ஆரம்பித்துவைத்ததுதான். ஆனால் ஏரிக்குச் சொட்டுக்கூடப் போகாது என்று தெரிந்தும், மூன்று வருடம் பழைய தாளைப் பார்த்து அப்படியே எழுதியது அவரில்லை. அத்தனை பேர்மீதும் காலையிலிருந்து அவளுக்கு இருந்த கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று.

“நான்தாண்ணா,” என்றாள்.