இருபத்தாறு பர்சென்ட் தம்பி

தொண்ணூறுகளின் கடைசியில் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அறையில் இணையப் பக்கங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். 'தோம்' என்பது மரியாதைக்கு. நிரல் எழுதியது நான், திட்டியது முதலாளி.

முதல் பெரிய ஆர்டர், ஈரோட்டில் பெட்ஷீட் வியாபாரம் செய்த அண்ணன் தம்பியுடையது. அண்ணன் பெயர், நடுவில் ஒரு '&', அப்புறம் 'பிரதர்ஸ்': இதுதான் கம்பெனிப் பெயர். தம்பிக்கு அதில் இருந்த இடமே அந்த 'பிரதர்ஸ்'தான். பாகப் பிரிவினைப் பேச்சு முற்றியிருந்த நேரம். டிரைவர் ஓட்ட, ஒரே காரில் ஒருவர் முன் சீட்டிலும் ஒருவர் பின் சீட்டிலுமாக வந்து இறங்கினார்கள்.

படிவத்தில் கம்பெனி, ஊர், சரக்கு என்று நிரப்பினால், என் நிரல் ஒவ்வொன்றையும் தலைப்பு, சமக்குறி, விவரம் என்று கோத்து, இடையிடையே '&' போட்டு ஒட்டி, பக்க முகவரியின் வாலில் தொங்கவிடும். அடுத்த பக்கம் '&' கண்ட இடத்திலெல்லாம் வெட்டிப் பிரித்துக் காட்டும். "இதுல டெஸ்ட் பண்ண என்னங்க இருக்கு?" என்று முதலாளியிடம் கேட்ட மேதாவி நான்தான்.

பொத்தானை அழுத்தினேன். கொட்டை எழுத்தில் அண்ணன் பெயர் மட்டும் வந்தது. பிரதர்ஸைக் காணோம்.

தம்பி துள்ளி எழுந்தார். "ஏனுங்கண்ணா, என்னையப் பத்திரத்துல இருந்து எடுக்கறக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல எடுத்துப்போட்டீங்களா?"

"நா என்னடா பண்ணுனேன்? அவரக் கேளு!"

அவர் நான். எனக்கு என் மேலேயே எரிச்சல். அதைக் காட்ட முடியாமல், "இன்டர்நெட்டுல அண்ட் குறி வராதுங்க" என்று புளுகினேன்.

தம்பி திரையின் மேல்வரியில், அந்த முகவரியின் மேல் விரலைக் குத்தினார். "அப்ப இதென்னுங்க, எறும்பா? மூணு எடத்துல நிக்குது. எம்பட பிரதர்ஸும் மேலயே தொங்குது, கீழ எறங்கத்தான் மாட்டேங்குது!"

பொறி தட்டியது. அவருடைய '&'ஐயும் என் ஒட்டுக்குறி என்று நினைத்து அடுத்த பக்கம் அங்கேயே வெட்டியிருக்கிறது. பெயருக்குள் இருக்கும் '&'ஐ முதலில் '%26' என்று மாற்றிவிட்டுத்தான் ஒட்டியிருக்க வேண்டும். நிரலில் ஒரு வரி சேர்த்து மறுபடி அழுத்தினேன். பிரதர்ஸ் வந்து உட்கார்ந்தார்கள். "பாத்தீங்களாங்க!" என்று மார்தட்டினேன்.

தம்பி கீழே பார்க்கவே இல்லை. மேல்வரியைப் பார்த்தபடி காது சிவந்தார்.

"பிரதர்ஸுக்கு முன்னால இருபத்தாறு பர்சென்ட்னு போட்டிருக்குது. ஆருங்க சொன்னது? எம்பட பங்கு பாதிங்க!"

"அது பங்கில்லைங்க, அண்ட் குறிக்கு மாத்து எழுத்துங்க…"

"எனக்கு ஒண்ணும் காது குத்த வேண்டாம். அம்பதுன்னு மாத்துங்க!"

மூளை உள்ளவன் மாற்றியிருப்பானா? நான் மாற்றினேன். மேல்வரியிலேயே '%50' என்று அடித்து அழுத்தினேன். அது ஆங்கில எழுத்து 'P'க்கு மாற்று என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. திரையில் அண்ணன் பெயர், அடுத்து P, அடுத்து பிரதர்ஸ்.

அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார். "பீ பிரதர்ஸ்."

அன்று முதல் முறையாக இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"எங்க குடும்பத்தப் பாத்தா உனக்கு நக்கலாடா?" என்றார் அண்ணன்.

"கேளுங்கண்ணா, நல்லாக் கேளுங்க!" என்றார் தம்பி.

ஆர்டர் போயிற்று. முதலாளியின் வசவுக்குத் தப்பி ஜன்னலோரம் ஒதுங்கினேன். கீழே இருவரும் பின் சீட்டில் அருகருகே உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டே ஈரோட்டுக்குக் கிளம்பிப் போனார்கள்.