அக்கா கையில் பிளக்

கறுப்பு பிளக் ஒன்று. இரண்டு பித்தளைக் கால்கள், ஓரத்தில் கொஞ்சம் உடைசல். அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா. சங்கரன்கோவில் வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான்.

அக்காவின் கணவரான அத்தான் வீட்டு முன்னறையிலேயே ரேடியோ ரிப்பேர் பார்த்தார். எழுபதுகளின் கடைசி, வால்வு ரேடியோக்கள் ஊரில் இன்னும் பாடிக்கொண்டிருந்தன. சுவிட்சை அவர் நம்பவே மாட்டார். யாராவது தெரியாமல் தட்டிவிட்டால் போச்சு. அதனால் ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கி அக்காவிடம் கொடுத்துவிடுவார். "ஏட்டி, பிளக் எங்க?" என்பார். "எங் கையில" என்பாள். அந்தப் பதில் வந்த பிறகுதான் அவர் கை உள்ளே போகும். தாலிக்கு அடுத்தபடி இதைத்தான் அக்கா பத்திரமாகப் பிடித்திருக்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவள் சிரிக்கமாட்டாள்.

பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கண்டன்சரில் கரண்ட் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். ஒரு பல்பின் ஒயர்களை அதில் தொட்டால் பல்பு மினுக்கென்று எரிந்து, தேங்கியது தீர்ந்ததும் அணையும். அதை அத்தான் 'இறக்குவது' என்பார். ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிய ஒரு நாள், பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வாசலில் நின்று பறந்துகொண்டிருந்தார். அத்தான் கேட்டார், அக்கா பதில் சொன்னாள். அவசரத்தில் இறக்க மறந்து கையை உள்ளே விட்டார். தூக்கி எறிந்ததுபோல் பின்னால் விழுந்தார். தலை படிக்கல்லில் மோதியது.

ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்காமல் கிடந்தபோது அக்காவை யாரும் பக்கத்தில் விடவில்லை. "பராக்குப் பாத்துக்கிட்டு இவதான் சொருகிட்டா. இல்லன்னா கரண்டு எங்கன இருந்து வந்துச்சு?" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். பல்பை அவர் எதற்காக மினுக்குகிறார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது; பிளக்கைப் பிடுங்கினால் கரண்ட் இல்லை என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. போகப்போக அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நான் கையிலதானட்டி வச்சிருந்தேன்?" என்று, அன்றைக்கு அங்கே இல்லாத என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கண் திறந்ததும் அத்தான் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "பிளக் அவ கையிலதான் இருந்துச்சு. இறக்காம கையை விட்டது நான்" என்றார். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அத்தான் அதன்பிறகு வெகுகாலம் இருந்து, முதுமையில் தூக்கத்திலேயே போனார். இப்போது அக்கா என்னோடு இருக்கிறாள். போன மாதம் என் வீட்டு ஸ்பீக்கர் செட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். "சுவிட்ச் ஆஃப் பண்ணியாச்சும்மா" என்று ஸ்குரூவைத் திருகத் தொடங்கினார். உள்ளேயிருந்து அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து அதை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"எங் கையில இருக்கு" என்றாள், யாரும் கேட்காமலே. பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "இருங்க தம்பி. இறங்கட்டும்."