சத்தம் போடாத பற்றரி வண்டி

அந்தக் காலத்தில் கல்முனை பஸ் நிலையத்தருகே வாடகைக்கு நின்ற கார்களில் சாம்பல் நிற மொரிஸ் மைனர் சீனிமுகம்மதுவினுடையது. வாடகை கிடைக்காத நாளிலும் சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் ஒருதரம் காரை ஓட்டிவிட்டு வருவார். அவ்வளவு ஆசை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான் கியர் மாற்றுவார். பக்கத்தில் இருப்பவர் கதைத்தால், "கொஞ்சம் சும்மா இரிங்க" என்பார்.

1981இல் குவைத்துக்குப் போனார். டிரைவர் வேலை என்றார்கள். போய்ப் பார்த்தால், ஒரு பெரிய களஞ்சியத்துக்குள் சாமான் ஏற்றும், மின்சாரத்தில் ஓடும் பற்றரி வண்டி. கியர் இல்லை, கிளச் இல்லை, சத்தமும் இல்லை. விளையாட்டுச் சாமானை ஓட்டுவதுபோல வெட்கமாக இருந்தது.

ஒருநாள் சுமையோடு சரிவில் ஏறும்போது நடுவில் நிறுத்த வேண்டி வந்தது. மொரிஸ் என்றால் கிளச் கருகும் மணத்தோடுதான் மீண்டும் கிளம்பும். இது, மிதியில் காலை வைத்ததும் கொஞ்சமும் பின்னால் நழுவாமல் விசுக்கென்று ஏறிவிட்டது. தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தார். அதன்பிறகு வளைவுகளில் விரட்டி ஓட்டி மேற்பார்வையாளரிடம் ஏச்சும் வாங்கினார்.

மனைவி சபூறாவுக்குக் குரல் பதிந்து அனுப்பும் கசட்டில், "புள்ள, இப்ப வண்டி ஓடுது, கேளு" என்று சொல்லி வண்டியை ஒரு சுற்று ஓட்டினார்.

சாய்ந்தமருதில் சபூறா அதைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். பக்கத்து வீட்டு அஸீஸா, "என்ன கா, ஒண்டும் கேக்குதில்லையே" என்றாள்.

"மனுசன் மூச்சு விடுறது கேக்குது. அது போதும்."

1985இல் திரும்பி வந்ததும் பழைய மொரிஸில் சபூறாவை ஏற்றிக்கொண்டு சம்மாந்துறைக்குப் போனார். வழியில் அவள் அந்த வண்டியைப் பற்றிக் கேட்டாள். மாவடிப்பள்ளி வயல்களுக்கு நடுவே வீதி வெறுமையாகக் கிடந்தது. கியரை விடுவித்து எஞ்சினை நிறுத்தினார். கார் தன்பாட்டில் உருண்டது. தாரில் டயர் ஓடும் ஓசையும் வயற்காற்றும் மட்டும்.

"இப்பிடித்தான் இரிக்கும்."

"அல்லாஹ்வே, நல்லா இரிக்கே!"

"ஓம். மோட்டுல ஏறக்குள்ள இதவிட நல்லம். ஆனா அங்க நாலு வருசமும் எனக்கு இந்தச் சனியன்ட இரைச்சல்தான் நெனவு."

கார் நின்றது. திரும்பக் கிளம்ப மறுத்தது. வயலில் நின்ற இருவர் வந்து தள்ளினார்கள்; சபூறாவும் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினாள். எஞ்சின் உறுமியது.

"ஓடி வா புள்ள, நிப்பாட்ட ஏலா!"

சிரிப்பில் மூச்சு வாங்க, ஓடும் காரில் தொத்தி ஏறினாள் சபூறா.