மணி தப்பிய கார்டு

சிறைச்சாலையில் அவனைப் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். சிறைக் கதவுகளை இயக்கும் சர்வர் கணினியைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை; அந்த அறை மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன் மனைவியின் அண்ணன், அங்கேயே காவலன். ஒரு வீட்டுச் சண்டையில் எல்லார் முன்னாலும் மச்சான் இவன் கன்னத்தில் அறைந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

கலவரம் சாப்பாட்டுக் கூடத்தில் வெடித்தது. கைதிகள் மின்பலகையை நொறுக்க, சர்வர் அணைந்து, ஜெனரேட்டர் ஓடியதும் மறுபடி எழுந்தது. கதவுகள் மட்டும் அசையவில்லை. தனி பேட்டரியில் ஓடிய கேமராவில், நடைக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு காவலனைக் கட்டில் காலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான்.

"தொறப்பா, ஆளு செத்துருவான்," என்றார் தலைமைக் காவலர்.

"தொறக்க மாட்டேங்குது சார். மணி தப்பா இருக்கு."

"அங்க மண்ட பொளந்து கெடக்கு, நீ மணி பாக்குறியா?"

சர்வருக்குள் மேனேஜ்மென்ட் கார்டு என்று ஒரு குட்டிக் கணினி உண்டு. சர்வர் செத்துக் கிடந்தாலும் அதை எழுப்பி நடத்துவது அதுதான். அதன் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்ததால், மின்சாரம் போனதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டது. சர்வரும் அதைப் பார்த்தே மணி வைத்துக்கொண்டது. பழைய தேதி போட்டு வரும் கட்டளையைக் கதவு ஏற்காது.

பல்லி லேப்டாப்பைக் கேபிளால் கார்டோடு இணைத்துத் தேதியை அடித்தான். அவசரத்தில் மாதமும் நாளும் இடம் மாறின. கார்டு மறுத்தது. கேமராவில் மச்சானின் கால்கள் உதறுவது நின்றிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தான். ஏற்றது. சர்வரை அணைத்து எழுப்பியதும் கதவு 'டக்'கென்று விட்டது.

லத்திகளோடு காவலர்கள் பாய்ந்து மச்சானைச் சர்வர் அறைக்குள் இழுத்தார்கள். கூடவே ஒரு கைதியும் நுழைந்து மச்சானின் கழுத்தைப் பிடித்தான். சர்வரைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்று தரையில் கிடந்தது. பல்லி அதை எடுத்துக் கைதியின் முகத்தில் ஓங்கி அடித்தான். தாடை உடையும் சத்தம் கேட்டது. கைதி விழுந்த பிறகும் அடித்தான். இன்னொரு தடவையும் அடித்தான்.

"போதும்பா," என்று தலைமைக் காவலர் அவன் கையைப் பிடித்தார்.

மச்சானுக்கு ஒரு கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவனே முதலில் பேசினான்.

"நீதான் தொறந்தியாமே."

"ம்."

"அந்தக் கைதி?"

"இன்னும் வாய் தொறக்கல."

"விழுந்தவன அடிச்சத தங்கச்சிகிட்ட சொல்லாத."

"நீ பாத்தியா?"

"இருக்கிற கண்ணு பாத்துச்சு, மாப்ள."

பல்லி அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டான். அவள், "அந்தக் கைதியப் போய்ப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் சிறை மருத்துவமனைக்குப் போனான். தாடையில் கம்பி கட்டிப் படுத்திருந்த ஆள், அவனைக் கண்டதும் கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்தான். பல்லி வாசலிலேயே நின்றான்.