வீடு முந்துமா, சந்திரன் முந்துமா

மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் படகு முட்டி நின்றதும் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு இறங்கினார்கள். அரிசி மூட்டை இறங்கியது, சைக்கிள் இறங்கியது, காலில் கயிறு கட்டிய கோழிகள் இறங்கின. மச்சாள் மட்டும் இறங்கவில்லை. இடப்பக்க வாங்குப் பலகையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கலியாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடும்வரை காத்திருப்பவரைப்போல ஆறுதலாக இருந்தார். ரிக்கற் கொடுக்கும் நானா அருகே வந்து, "என்ன அக்கா, இண்டைக்கும் இறங்கல்லியா?" என்று கேட்டார். "இல்ல நானா, ஒரு சுத்துச் சுத்திப்போட்டுப் போறம்," என்றார் மச்சாள். அந்த 'இண்டைக்கும்' எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் குடையை எடுத்துக்கொண்டு இவர் எங்கே போகிறார் என்று அறியத்தான் அன்று நானும் கூட வந்திருந்தேன். மூதூரில் யாரோ சிநேகிதி இருக்கிறார், போனால் நல்ல வட்டிலப்பம் கிடைக்கும் என்று நம்பி வந்தவள் நான். வந்த வழியே திரும்பிப் போவதற்குப் புதிதாய் ரிக்கற் எடுத்தபோது கோபம் கோபமாய் வந்தது.

லோஞ்ச் திரும்பியதும் மச்சாள் எழுந்து வலப்பக்க வாங்குக்கு மாறினார். அப்போதுதான் கவனித்தேன். வரும்போது இடப்பக்கம், போகும்போது வலப்பக்கம். கொட்டியாரக் குடாவின் கிழக்குக் கரை எந்தப் பக்கம் தெரியுமோ அந்தப் பக்கம். நடுக்குடாவுக்கு வந்ததும் எழுந்து நின்று, ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்து, மற்றக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பச்சைக் கோடும் அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடும்தான். "அந்தா, மூண்டு பனை தனிய நிக்குது. நடுப்பனைக்குப் பின்னால," என்றார். அது அவருடைய வீடு. போர் வந்து ஊரோடு எழும்பி ஓடிய பிறகு அந்தக் கரை படையினரின் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. தரை வழியாக யாரும் போக முடியாது. கடலில் போகிற லோஞ்சிலிருந்து பார்ப்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. குடாவின் மறுகரையில் எங்கள் நகரம் வந்து சேரும்வரை நானும் நெற்றியில் கை வைத்து அந்தப் பனைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. எனக்கு அவர் மச்சாள், அவருக்கும் நான் மச்சாள். "மச்சாள், தேத்தண்ணி போடட்டோ?" "வேண்டாம் மச்சாள், இப்பதானே குடிச்சனாங்கள்" என்ற எங்கள் கதையைக் கேட்டு, வீட்டுக்கு வருபவர்கள் தலை சுற்றிப் போவார்கள். அவர் கலியாணம் செய்யவில்லை. அந்தக் கரையோர ஊரின் சின்னத் தபால் நிலையமான உபதபாற்கந்தோரைத் தன் வீட்டிலேயே நடத்தியவர். ஊருக்கு வரும் தபாலே கொஞ்சம். அதில் பாதி, தமிழ்நாட்டிலிருந்து சந்தா கட்டி அவர் எடுத்த கொமிக்ஸ். சண்டை நடந்த மாதங்களிலும் எப்படியோ சுற்றிவளைத்து ஒரு கட்டு வந்து சேரும் என்று பெருமையாகச் சொல்வார். ஊர் எழும்பிய காலையில் அவருடைய கட்டிலுக்குக் கீழே ஒரே மாதிரியான இரண்டு தபாற்சாக்குகள் இருந்தன. ஒன்றில் காணிக்கான உறுதிப் பத்திரம், பிறப்புப் பத்திரம், அம்மாவின் படம். மற்றதில் கொமிக்ஸ். செல் குண்டு விழுகிற சத்தத்தில் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஈச்சிலம்பற்றில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்து அவிழ்த்தால், "உறுதிக்குப் பதிலா ஒரு விண்வெளி வீரன் துவக்கோட நிக்கிறான்" என்பார். பிறகு உறுதியின் பிரதி எடுக்க அவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கு நடையாய் நடந்த காலத்தில் நான் இதைச் சொல்லிக் குத்திக்காட்டுவேன். "உறுதிய எடுத்துக்கொண்டு வந்திருந்தா, இவ்வளவு வருசமும் எதை வாசிச்சிருப்பம்? உறுதிய ஒருக்கா வாசிக்கலாம். ரெண்டாந்தரம் வாசிக்க ஏலுமே?" என்று திருப்பிக் கேட்பார்.

உட்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு அவர் வந்தபோது நான் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். கப்பலில் வந்த கோதுமையையும் சீமெந்தையும் பதிந்து பதிந்து, கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் நம்பாத ஆளாகிப் போயிருந்தேன். ஐம்பது வயது தாண்டிய மனுசி, சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்து, படப் புத்தகத்தைப் பார்த்து வாயால் "டுமீல்" என்று சத்தம் போடுவதைக் கண்டு முதலில் பல்லைக் கடித்தேன். பிறகு காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பகல், வேறு வழியில்லாமல் ஒன்றைக் கையில் எடுத்தேன். சந்திரனுக்குப் போகும் கதை. கலம் சந்திரனுக்குப் பின்னால் மறைந்து தொடர்பு அறுந்துபோகும் இடத்தில், படம் கீறியவர் ஒரு பெட்டி முழுவதும் கறுப்பு மை பூசி விட்டிருந்தார். அச்சுப் பிழை என்று நினைத்துத் தாளைப் புரட்டப் போனேன். மச்சாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவசரப்படாதையும். அந்தப் பெட்டிக்குள்ளதான் அவங்கள் இருக்கிறாங்கள். கொஞ்சம் அவங்களோட இரும்," என்றார். காய்ச்சல் மாறியது, கொமிக்ஸ் பைத்தியம் மாறவில்லை. கொமிக்ஸில் தொடங்கி, எந்த நாடு எந்த ரொக்கற்றை ஏவுகிறது என்று பேப்பரில் தேடும் அளவுக்குப் போய்விட்டோம். என் கணவர் வானத்தில் மழை மேகத்தைத் தவிர வேறெதையும் பார்த்தறியாதவர். "ரெண்டு விசரியளுக்கு நடுவில நான்" என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எங்கள் இருவருக்கும் இடையில் தீராத வழக்கு ஒன்று இருந்தது. சந்திரனில் காலடி வைப்பதற்கு முன்பு, சிலர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்காமல் திரும்பினார்கள் அல்லவா? அவர்களைச் சந்திரனுக்குப் போனவர்கள் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பது மச்சாளின் கட்சி. இறங்கினால்தான் கணக்கு என்பது என் கட்சி. "கச்சேரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பினவன் கச்சேரிக்குப் போனவனோ?" என்று நான் கேட்பேன். "முதல் புத்தகத்திலயே இறங்கினா ரெண்டாம் புத்தகத்துக்கு என்ன இருக்கு? சுத்திறதும் போறதுதான். சுத்திப் பார்த்தவனுக்குத்தான் எங்க இறங்கிறதெண்டு தெரியும்," என்பார் அவர். லோஞ்சில் போய்வந்த அந்த ஞாயிறு வரை இதை வெறும் கொமிக்ஸ் சண்டை என்றே நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான், அவர் ஏன் இவ்வளவு விடாப்பிடியாக நிற்கிறார் என்பது விளங்கியது. விளங்கியும் நான் என் கட்சியை விடவில்லை. விட்டால், இரக்கப்படுகிறேன் என்று உடனே பிடித்துவிடுவார். இரக்கம் என்பது அவருக்கு அறவே ஒத்துவராத சாமான்.

பந்தயம் வந்ததும் இதிலிருந்துதான். வலயத்துக்குள் இருக்கிற காணியை எப்போது திரும்ப விடுவார்கள் என்று கேட்டால் கச்சேரியில் அடுத்த வருசம் என்பார்கள். மனிதர்கள் திரும்பவும் சந்திரனுக்கு எப்போது போவார்கள் என்று பேப்பரைப் பார்த்தால் அங்கேயும் இப்போதைக்கு இல்லை என்றுதான் இருக்கும். ஒரு நாள் மச்சாள் காணிப் பிரிவிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே, "எது முந்துதெண்டு பார்ப்பம் மச்சாள். என்ட வீட்டுப் படியில கால் வைக்கிறதோ, அவங்கள் சந்திரனுக்குப் போறதோ?" என்றார். அவர் வீட்டின் பக்கம். எதிர்ப்பக்கம் எடுக்க ஆள் வேண்டுமே. நான் சந்திரன் பக்கம் எடுத்தேன். பகிடிக்குத்தான். ரொக்கற் செய்தி வருகிற நாட்களில் "என்ட குதிரை ஓடுது" என்று பேப்பரை ஆட்டிக் காட்டுவேன். "ஓடட்டும், ஓடட்டும். வழியில குண்டும் குழியும் இருக்கு," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே, அவருக்கு எதிராகப் பந்தயம் கட்டியவளாய் எத்தனையோ வருடம் இருந்தேன்.

தரைவழியில் பாலங்கள் வந்தன, லோஞ்ச் நின்றது. சில வருடங்களில் அந்தக் கரையின் பெரும்பகுதியை விட்டார்கள். சனம் பஸ் பிடித்துப் போய், பற்றை வெட்டி, கிணறு இறைத்து, தகரம் போட்டுக் குடியேறியது. கடலோரத்து ஒரு துண்டை மட்டும் விடவில்லை. மச்சாளின் வீடு அந்தத் துண்டுக்குள். நாங்கள் இருவரும் ஒரு நாள் போய், முள்ளுக்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். கூரை இல்லை. முன்சுவரில் தபாற்பெட்டி இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை தெரிந்தது. மூன்று பனைகளும் அப்படியே நின்றன. லோஞ்சில் இருந்து பார்த்ததற்கு மாறாக, இப்போது கடல் அவற்றுக்குப் பின்னால் இருந்தது. காவலுக்கு நின்றவர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்து, இருக்கும்படி சிங்களத்தில் சொன்னார். மச்சாள் இருக்கவில்லை. "கடல் பக்கத்தால பார்த்தாச்சு. தரைப் பக்கத்தாலயும் பார்த்தாச்சு. முழுச் சுத்து ஒண்டு முடிஞ்சுது," என்றார். சொல்லிவிட்டு வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் அவருடைய குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன வருடம் மாரி தொடங்குவதற்கு முன்னால் மச்சாள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாய் அவர் தெளிவாகக் கதைத்த பின்னேரம், "உம்மட குதிரை எந்தளவில நிக்குது?" என்று கேட்டார். "திரும்பவும் தள்ளிப் போட்டிட்டாங்களாம் மச்சாள். அடுத்த வருசமாம்," என்றேன். "அப்ப நான் இன்னும் தோக்கேல்ல," என்றார். அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து, அந்த ரொக்கற்றில் எந்த ஆணி கழன்றதோ அந்த ஆணிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இந்த வருடம் போனார்கள். நான்கு பேர், அதில் ஒருவர் பெண், சந்திரனைச் சுற்றிவிட்டு இறங்காமல் திரும்பினார்கள். எங்கள் நகரத்தில் வானம் பார்க்கிற ஆட்கள் சிலர் இருக்கிறோம். மச்சாளும் நானும் போய்ச் சேர்ந்துகொண்ட கூட்டம், பாதிப்பேர் கொமிக்ஸ் பைத்தியங்கள். கிண்ணியாவிலிருந்து வரும் விஞ்ஞான மாஸ்டர் ரியூசன் நடத்தும் கொட்டிலில், விடியற்காலை எல்லோரும் கூடித் திரையில் பார்த்தோம். கலம் சந்திரனுக்குப் பின்னால் போய்த் தொடர்பு அறுந்தது. நான் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தேன். பக்கத்துக் கதிரையில் வேறு யாரோ இருந்தார். அந்த நேரத்தில் மச்சாளை என் மனம் தேடியதுபோல, செத்த வீட்டில்கூடத் தேடவில்லை. தொடர்பு திரும்பி வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

பிறகு தேத்தண்ணியும் கதையும். பழைய கொமிக்ஸில் சந்திரனின் பின்பக்கத்தைக் குகையும் கோட்டையுமாகக் கீறியிருந்தார்களே, உண்மையில் பார்த்தால் எல்லாம் பள்ளமாக இருக்கிறதே என்று ஒருவர் குறைப்பட்டார். கோட்டை பள்ளத்துக்குள் இருக்கலாம் என்று இன்னொருவர் விட்டுக்கொடுக்காமல் நின்றார். "அவ்வளவு தூரம் போய் இறங்காம வந்தது என்ன பயணம்?" என்று யாரோ கேட்க, "ஏன், சுத்தினாப் போனதில்லையோ?" என்று எதிர்க்குரல் கிளம்பியது. எங்கள் வழக்கு வேறு வாய்களில் நடந்துகொண்டிருந்தது. கேட்க ஆசையாகவும் இருந்தது, எழுந்து போய்விடலாம் போலவும் இருந்தது. மாஸ்டருக்குப் பந்தயக் கதை தெரியும். எனக்குப் பால் விடாத பிளேன்ரீயை நீட்டியபடி, தணிந்த குரலில், "தங்கச்சி, மச்சாள்ட கணக்குப்படி பார்த்தா நீங்க வெண்டுட்டீங்க," என்றார்.

"இல்ல மாஸ்டர்," என்றேன். "அவங்கள் இறங்கேல்ல. இறங்கினால்தான் கணக்கு."

அவர் பிளேன்ரீயை என் கையில் வைத்துவிட்டு, "ஓம், அதுவும் சரிதான்," என்றார். அத்தனை வருடமும் பிடிவாதத்துக்குச் சொல்லிவந்ததை அன்றுதான் மனமாரச் சொன்னேன். சுற்றுவதும் போவதுதான் என்று ஒத்துக்கொண்டால் சந்திரன் முந்திவிட்டது, மச்சாளின் வீடு தோற்றுவிட்டது. அதற்கு என் மனம் இடம் தரவில்லை. மச்சாள் இல்லை என்பது தெரியாமல் நான் இதைச் சொல்லவில்லை. அவருடைய கால் இல்லாவிட்டால் அவர் தம்பியான என் கணவரின் கால். அவருக்கு முழங்கால் வருத்தம், அவர் வராவிட்டால் என் கால். அந்தப் படியில் எங்கள் வீட்டுக் கால் ஒன்று படவேண்டும்.

அடுத்த கிழமை கச்சேரிக்குப் போனேன். மச்சாள் கொடுத்த விண்ணப்பம் இப்போது என் கணவரின் பெயரில் இருக்கிறது. போய்க் கேட்பது நான்தான். காணிப் பிரிவில் புதிதாய் ஓர் உத்தியோகத்தர், மரியாதையான பிள்ளை. கதிரை காட்டி இருக்கச் சொல்லி, கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தத் துண்டு இன்னும் விடேல்ல அம்மா. அடுத்த வருசம் ஒருக்கா வந்து பாருங்கோ," என்றார்.

"அடுத்த வருசம் எண்டு விட்டிடாதேங்கோ தம்பி. கொஞ்சம் கெதியாப் பாருங்கோ," என்றேன். "இந்தமுறை சும்மா சுத்திப்போட்டு வந்திட்டாங்கள். அடுத்த முறை இறங்கப் போறாங்கள்."

யார், எங்கே என்று அவர் கேட்கவில்லை. "ஓம் அம்மா, பார்ப்பம்," என்று சொல்லிக் கோப்பைக் கட்டிவைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.