பொம்மை எஞ்சினுக்கு ஸ்டீல் டயர்

ரயில் சக்கரத்துக்கு டயர் மாட்டுகிறவனுக்கு லேத் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடவும் தெரிய வேண்டும். எனக்கு இன்னும் தெரியவில்லை. பட்டறை வைத்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கும் தெரிந்திருக்காது.

இந்த டயர் ரப்பர் இல்லை. சக்கரத்தைச் சுற்றி இறுக்கமாக உட்காரும் ஸ்டீல் வளையம். அந்தக் காலத்தில் அரக்கோணத்தில் நான் மாட்டிய ஒன்று, எஞ்சினையே உருக்கிய உலையில் தான் மட்டும் உருகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. நம்பாதவர்கள் உலையைக் கேட்டுக்கொள்ளலாம். இப்போது திருத்தணியில், ஆள் உட்கார்ந்து போகிற சின்ன எஞ்சின்களுக்கு அதே வேலையைச் செய்கிறேன்.

சின்னதா, பெரிசா?

கே.ஜி.கண்டிகை போகிற வழியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் முனிரத்தினம் ஒரு நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினார். இடுப்பு உயரம், நிஜக் கரி, நிஜப் புகை. மண்டபத்துத் தோட்டத்தில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவது. சக்கரத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் பள்ளம் விழுந்து, தண்டவாளத்தைப் பிடிக்கிற விளிம்பு கத்தி மாதிரி தேய்ந்திருந்தது. இதில்தான் போன மாசம் வரை பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு ஓடியாக வேண்டுமாம். ஓடாவிட்டால் எடைக்குப் போட்டுவிட்டு, பேட்டரியில் பாட்டுப் பாடும் வாத்து வண்டி வாங்கிவிடுவாராம். எங்கள் பக்கத்தில் கரி தின்கிற ஜீவன் அது ஒன்றுதான். அதை வாத்துக்காகச் சாகவிடுவதா?

வேலையை விளக்கினேன். தேய்ந்ததைக் கடைந்து எடுத்துவிட்டு, சக்கரத்தைவிட மயிரிழை சின்னதாக வளையம் செய்வேன். சூடு காட்டினால் விரியும், மாட்டலாம். ஆறினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். எல்லாம் கேட்டுவிட்டு என்மேல் இரக்கப்பட்டார்: "சின்னதா செஞ்சிட்டு ஏன் நைனா கஷ்டப்படறீங்க? கொஞ்சம் பெரிசா செஞ்சிட்டா சூடே வேணாமே."

ஒரு குடம் தண்ணீர்

காஸ் வெல்டிங் பஷீர் பாய் அரக்கோணத்திலிருந்து வந்தார். வளையங்கள் ஒவ்வொன்றாக நீலம் பாய்ந்து விரிந்து, சக்கரத்தில் சொத்தென்று உட்கார்ந்தன. கடைசி வளையமும் உட்கார்ந்ததும் நாங்கள் டீயைக் கையில் எடுத்தோம். வேடிக்கை பார்க்க வந்த முனிரத்தினத்தின் மச்சான் லோகு, ஒரு குடம் தண்ணீரை எடுத்து அதன் தலையில் கவிழ்த்தான். 'டிங்' என்றது. வார்ப்பிரும்புச் சக்கரம் நடுவிலிருந்து ஓரம்வரை விரிசல் விட்டது. நான் போட்ட சத்தத்தில் திருப்பதி பஸ் ஒன்று ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் நின்றது.

"எங்க ஊர்ல மாட்டு வண்டிக்குப் பட்டை ஏத்தினா ஒடனே தண்ணி ஊத்துவாங்க நைனா. இல்லன்னா சக்கரம் எரிஞ்சிடும்" என்றான் லோகு.

"அது மரம்டா. இது இரும்பு. இரும்பு எரியுமா?"

அவன் யோசிக்க ஆரம்பித்தான். நான் சுத்தியலைத் தேடினேன். பஷீர் பாய் அதை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னார்: "வுடு அண்ணாத்தே. உன் மூஞ்சி நீலமாயிகினு வருது. அந்தச் சூடு ஆறறதுக்குள்ள இன்னொரு வளையம் மாட்டிக்கலாம்."

எண்ணெய்

முழு ஸ்டீலில் புதுச் சக்கரமே கடைந்து, அதற்கும் டயர் மாட்டி, கிருத்திகைக்கு முந்தின சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. காலையில் போனால், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளைகள் பெட்டியில் காத்திருக்கிறார்கள். நீராவியைத் திறந்தேன். சக்கரம் சுழல்கிறது, எஞ்சின் நகரவில்லை. குனிந்து பார்த்தால் டயர் முழுக்க நல்லெண்ணெய், மேலே குங்குமப் பொட்டு. முனிரத்தினத்தின் சம்சாரம் பூஜை போட்டிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டார்: "புது இரும்புங்க. எண்ணெய் தடவலன்னா துரு புடிக்காதா?"

ஒரு பிடி

முனிரத்தினம் வாத்து வண்டிக்காரருக்கு போன் போட ஆரம்பித்துவிட்டார். பெரிய எஞ்சினில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் விடுவார்கள். தோட்டம் முழுக்க சிமென்ட் பூசி வைத்திருக்கிற இவரிடம் மணலுக்கு எங்கே போவது? லோகுவின் தோளில் கிடந்த புதுத் துண்டைப் பிடுங்கி டயர்களைத் துடைத்தேன். பூஜைத் தட்டிலிருந்த விபூதியை அள்ளி இரண்டு தண்டவாளத்திலும் தூவினேன். நீராவியைத் திறந்ததும் சக்கரம் கவ்வியது. வளைவில்கூட விளிம்பு தண்டவாளத்தின்மேல் ஏறவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்கே கோபம் கொஞ்சம் இறங்கியது.

முனிரத்தினம் போனை மடியில் செருகிக்கொண்டு, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா லோகு, மேல இருக்கறவரு ஒரு பிடி திருநீறுல ஓட்டிக் காட்டிட்டாரு. இதுக்குப் போயி நைனா ஒரு மாசமா சக்கரத்தை நோண்டிகினு இருந்தாரு."

அடுத்த தடவை டயர் தேய்ந்தால் எஞ்சினை மலைப்படி ஏற்றி அந்த மேலே இருக்கிறவரிடமே காட்டட்டும் என்று சபதம் போட்டிருக்கிறேன், என் பட்டறை வாசலில்தான் இறக்குவார்கள் என்று தெரிந்தே.