விசில் ஊதாத பி.டி. சார்

கொல்லிமலை அடிவாரத்துக் கல்லூரியில் குழந்தைவேலுவுக்குப் பசங்க வைத்திருந்த பெயர் ‘துண்டு சார்’. கால்பந்துப் பயிற்சியாளர் என்றால் கழுத்தில் விசில் தொங்கும். இவர் தோளில் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். அதை ஒரு சுழற்று சுழற்றினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், இரண்டு சுழற்றினால் ஓடி வர வேண்டும். எந்நேரமும் அவர் மேல் ஒரு கண் இருக்க வேண்டும் என்பதால், அந்தக் கல்லூரிப் பசங்க யாரும் குனிந்து பந்தை மட்டுமே பார்த்து ஆடியதில்லை. நிமிர்ந்த தலையோடு ஓடுவார்கள். எதிராளி எங்கே, நம்மாள் எங்கே என்பதெல்லாம் ஓடும்போதே தெரிந்துவிடும். மண்டலப் போட்டியில் ஆறு முறை இறுதி ஆட்டம், அதில் மூன்று முறை கோப்பை. ஒரு பத்திரிகைக்காரர் வந்து பார்த்துவிட்டு, விசில் இல்லாத பயிற்சி என்று அரைப் பக்கம் எழுதினார். மனைவி விமலா அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டினார். அந்தச் சுவரைப் பார்த்தாற்போல் குழந்தைவேலு ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

விசிலை விட்டதற்கான காரணத்தை அவர் விமலாவிடம்கூடச் சொன்னதில்லை.

பரமத்தி வேலூர்ப் பக்கம், காவிரிக்கரைக்காரர். கரும்புக்காட்டு வரப்பில் ஓடிப் பழகிய கால். குடும்பத்தில் முதல் பட்டதாரி. தொண்ணூற்று மூன்றில் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது மைதானம் என்று காட்டிய இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. முள்ளை வெட்டி, மேட்டை இடித்து, தைலமரத்தில் கோல் போஸ்ட் நட்டார். அப்போதெல்லாம் அவருக்கு விசில்தான் உயிர். முதல் விசிலுக்கு வந்து நிற்காதவன் மைதானத்தைப் பத்து முறை சுற்ற வேண்டும். அப்பன் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் விசில் சத்தம் தெரிய வேண்டும் என்பார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் கொல்லிமலையிலிருந்து சென்றாயன் வந்தான். ஆலத்தூர் நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரிலிருந்து கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். இடது காலில் பந்து ஒட்டிக்கொண்டு போகும். எல்லாம் இருந்தும் ஒரே ஒரு கோளாறு. விசில் ஊதினால் நின்றுவிடுவான். மற்றவர்கள் ஓடி வந்து சேர்ந்த பிறகும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தபடி நிற்பான்.

“ஏன்டா, காது செவிடா?”

“இல்லீங்க சார். எங்க மலையில மூணு கூப்பாட்டுக்கு அப்புறந்தானுங்க திரும்புவோம். மொதக் கூப்பாடு எங்கிருந்து வருதுன்னே தெரியாதுங்க. பாறை கூப்புடும், பள்ளம் கூப்புடும்.”

“டோய், சென்றாயனப் பாறை கூப்புடுதாமா!” என்று ஒருவன் கத்த, அத்தனை பேரும் சிரித்தார்கள். குழந்தைவேலுவும் சிரித்தார்.

“காலேஜு படிக்கறவன் பேசற பேச்சாடா இது? ஓடு. இருவது ரவுண்டு.”

அன்று இருபது. மறுநாள் இருபது. ஆயுத பூஜை வரைக்கும் அவன் ஓடினான். தீபாவளி முடிந்து வந்தபோது முதல் விசிலுக்கு முதல் ஆளாக வந்து நின்றான். குழந்தைவேலு தன் பயிற்சி நோட்டில், ‘சென்றாயன் – சரியாகிவிட்டான்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

அந்த வருட டிசம்பரில் பத்து நாள் முகாம். மேட்டில் ஓடினால் மூச்சு பழகும் என்று சென்றாயன் ஊருக்கே எல்லாரையும் கூட்டிப்போனார். ஊர் மைதானத்துக்கு மேற்கே சரிவு, சரிவுக்குக் கீழே செங்குத்தான பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் யானை முதுகு போல ஒரு கரும்பாறை. மூன்றாம் நாள் முற்பகலில் சென்றாயன் உதைத்த பந்து மேற்கே போய் விழுந்தது. அடித்தவன்தான் எடுத்து வர வேண்டும். அவன் இறங்கினான். பிறந்ததிலிருந்து ஓடியாடிய சரிவு அது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மூடுபனி கீழேயிருந்து பொங்கும் பால்போல ஏறி வந்தது. பக்கத்தில் நிற்பவன் சட்டை நம்பர் தெரியவில்லை. பொறுமையில்லாமல் குழந்தைவேலு விசிலை எடுத்து ஒரே ஒரு முறை நீளமாக ஊதினார்.

“வாரேங்க சார்!”

குரல் தெளிவாகக் கேட்டது. பிறகு ஓடும் காலடிச் சத்தம். ஆனால் அது நெருங்கி வரவில்லை. விலகிக்கொண்டே போனது. தான் ஊதிய விசில் எதிர்ப்பாறையில் மோதி அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்ததை அவர் அப்போதுதான் உணர்ந்தார். வாயில் விசில் இருந்தது, ஊத மூச்சு இல்லை. காலடிச் சத்தம் நின்றது.

விசாரணையில் அவர் சொன்னது ஒரே வரி: “பந்தெடுக்கப் போனான், வழுக்கி விழுந்துட்டான்.” கூட இருந்த பசங்களுக்கு அது தினமும் கேட்கிற விசில்தான்; அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்றோடு விசிலும் போயிற்று, மலையும் போயிற்று. ஆனால் ஆட்டம் என்றால் நடுவர் ஊதத்தானே செய்வார்? ஒவ்வொரு விசிலுக்கும் பின்னால், கூட்டத்து இரைச்சலுக்கு நடுவே, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்: வாரேங்க சார். அப்புறம் அந்தக் கால்கள். தன் அணி கோல் போட்டு மொத்த மைதானமும் குதிக்கும்போது இவர் மட்டும் மேற்கே திரும்பிப் பார்ப்பார். “சாருக்கு வெற்றி தோல்வி எல்லாம் ஒண்ணுதான், ஞானி” என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். வருகைப் பதிவின்போது ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடும் பழக்கமும் வந்து சேர்ந்தது. “சார், ஒருக்காக் கூப்பிட்டாலே கேக்குதுங்க சார்” என்று பசங்க கேலி செய்வார்கள். அவர் அடுத்த பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார்.

இருபத்து நான்கு வருடம் இப்படிப் போனது. இந்த டிசம்பரோடு ஓய்வு. பொங்கலுக்கு முன்பே ஓசூரில் மகள் வீட்டுக்குக் குடிபோவதாக ஏற்பாடு. வழியனுப்பு விழாவாக ஒரு ஆட்டம் வைக்கிறோம் என்று அணித்தலைவன் பிரேம் வந்து நின்றான். மலைக்காரப் பையன். சென்றாயன் ஊரேதான்.

“எங்க ஊரு கிரவுண்டுலதாங்க சார். மைக் செட்டுக்குச் சொல்லியாச்சு. நீங்க மாட்டேன்னு சொன்னா ஊருல என் மானம் போயிருமுங்க.”

காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் அவர் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேம் ஏதோ ஊர்க் கதை போல ஆரம்பித்தான்.

“முன்னால நம்ம காலேஜுல ஆடுன சென்றாயன்னு ஒருத்தர், உங்களுக்கு ஞாபகம் இருக்குமுங்க, அந்தப் பள்ளத்துலதானுங்க செத்தாரு. வழுக்கி உழுந்தாருன்னு வெளிய சொன்னாங்களாம். எங்கூர்ல யாரும் நம்பலீங்க சார். பொறந்ததுலருந்து இறங்குன சரிவு, அவரு உழுவாரா? தானாத்தான் உழுந்துட்டாருன்னு பேசிக்குவாங்க. அவங்கம்மா முனியாயி இன்னும் இருக்காங்க. அன்னிக்குக் காலையில வைஞ்சு அனுப்பிட்டேன்னு சொல்லிச் சொல்லியே ஆளு பாதியாயிட்டாங்க.”

பஸ் மலைமேல் சோளக்காடு நிறுத்தத்தில் நின்றது. எல்லாரும் இறங்கிய பிறகும் குழந்தைவேலு கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிரேம் கீழேயிருந்து மூன்று முறை கூப்பிட்டான்.

மைதானம் அப்படியே இருந்தது. கோல் போஸ்ட் மட்டும் இரும்பு. அந்தப் பக்கம் கரும்பாறை. பழைய மாணவர்கள் ஒரு பக்கம், இப்போதைய அணி ஒரு பக்கம். ஆட்டம் தொடங்கும் முன்பு பசங்க ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார்கள். திறந்தால் பளபளவென்று ஒரு விசில்.

“இன்னைக்கு ஒரு நாளாச்சும் ஊதுங்க சார்!” என்று கைதட்டினார்கள். மூடுபனி அப்போதுதான் மைதானத்தின் மேற்கு ஓரத்தைத் தொட்டிருந்தது. ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று கைகாட்டிவிட்டு அவர் ஓரமாக ஒதுங்கினார்.

அங்கே ஒரு கிழவி, ஆடப்போகும் பிள்ளைகளுக்கென்று ஒரு கூடை மலைவாழைப்பழம் இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங், நீங்கதான் அந்த சாருங்களா? தலையெல்லாம் வெளுத்துப் போச்சுங்களே.”

அவருக்கு அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே சாய்ந்த தலை. காது கொடுத்துக் கேட்கிற அதே நிலை.

“எம் மவன் உங்களப் பத்தித்தானுங்க பேசுவான். அன்னிக்குக் காலையில, மொளகு பறிக்க ஆளில்ல, பந்து பந்துன்னு போறயேன்னு நாலு வார்த்தை சேத்திப் பேசிட்டேன். பொசுக்குனு போய்ட்டான்.”

“அம்மா, அவன் தானா விழலம்மா.”

அவள் பழச்சீப்பைக் கையில் வைத்தபடி நின்றாள். அவர் சொன்னார். ஊதியதையும், ‘வாரேங்க சார்’ என்று அவன் சொன்னதையும், காலடி விலகிப் போனதையும், வாயில் விசிலோடு நின்றதையும். தனக்காக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

“அவன் மொதக் கூப்பாட்டுக்குத் திரும்ப மாட்டானுங்களே. நாந்தானே பழக்குனேன்.”

“நான் அத மாத்திட்டேம்மா. தினமும் ஓட விட்டு ஓட விட்டு, மொத விசிலுக்கே வர்ற மாதிரி ஆக்கிட்டேன்.”

முனியாயி பழத்தைக் கூடையில் போட்டாள். அழவில்லை. அவர் கையிலிருந்த விசிலைப் பார்த்தாள்.

“ஊதுங்க.”

“அம்மா...”

“ஒருக்கா ஊதுங்க. எம் மவனுக்கு எங்கிருந்து கேட்டுச்சுன்னு நான் கேக்கணும்.”

இருபத்து நான்கு வருடம் கழித்து அவர் உதட்டில் விசில் பட்டது. ஒரே ஒரு முறை, நீளமாக. பனிக்குள் போன சத்தம் பாறையில் மோதி, அங்கே வேறொருவர் நின்று ஊதுவது போல மேற்கிலிருந்து திரும்பி வந்தது. மைதானத்தில் இருந்த அடிவாரத்துப் பசங்க அத்தனை பேரும் சட்டென்று மேற்கே திரும்பினார்கள். ஒருவன் இரண்டு எட்டுக்கூட வைத்துவிட்டான். பிரேமும் மலைக்காரர்களும் மட்டும் அசையாமல், தலையைச் சாய்த்து, அடுத்த கூப்பாட்டுக்குக் காத்து நின்றார்கள்.

அந்த இரண்டு எட்டு வைத்த பையனையே முனியாயி வெகுநேரம் பார்த்தாள்.

“இத்தன நாளா நான் கொன்னுபோட்டேன்னு இருந்தேனுங்க. ஊரும் அப்படித்தான் பாத்துச்சு. இப்ப எங்கிட்ட மட்டும் சொல்லிப்போட்டு பஸ் ஏறிறலாம்னு பாக்கறீங்களா?” குரல் உயரவில்லை. “கண்ணு பிரேமு, அந்த மைக்கக் கொண்டா சாமி. சாரு பேசோணுமாம்.”

பிரேம் சிரித்துக்கொண்டே ஓடி வந்து மைக்கை நீட்டினான். வழியனுப்பு உரை என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். ஊர்ப் பெரியவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். குழந்தைவேலு தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து மடித்துக் கீழே வைத்தார்.

“சென்றாயன் தானா விழல” என்றார். “நான்தான் கூப்பிட்டேன்.”

கைதட்டல் நின்றது. எதிர்ப்பாறை ஒரு கணம் தாமதித்து, அதே வார்த்தைகளை அதே குரலில் பள்ளத்துக்கு மேலிருந்து ஊருக்கே திருப்பிச் சொன்னது.